தீவில் அக்கா நின்ற தேர்தல்

அக்கா தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அம்மா அதைக் கார்ப்பரேஷன் வார்டு மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தாள்.

"கவுன்சிலராடீ?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லம்மா, அசெம்ப்ளிக்கு. இங்கே ஜெனரல் எலெக்‌ஷன். ஜெயிச்சா எம்.எல்.ஏ. மாதிரின்னு வெச்சுக்கோ."

"அங்கே மொத்த ஜனமே நம்ம கோட்டைக்குள்ள அடங்கிடும்னு சொன்னயே?"

"அதே. அவாளுக்கும் ஒரு கவர்மென்ட் வேணுமோல்லியோ?"

தீவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அக்கா யாரென்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவ்வளவு சின்ன இடம். கரீபியன் கடலில், இன்னும் பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருக்கும் தீவு. தனிச் சட்டசபை உண்டு. ஆனால் ஒரு தொகுதியின் வாக்காளர்கள் எல்லாரையும் கூட்டினாலும் எங்கள் ஊர்க் கோட்டைக்குப் பக்கத்தில், ஸ்ரீவராகத்தில், எங்கள் பூத்துக்குக் காலையில் வருகிற கூட்டம் அளவுக்குத்தான் இருப்பார்கள். அக்கா அந்தத் தீவின் ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிஸ்டாகப் போனாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். அது முடிவதற்குள், பக்கத்துத் தீவுக்கு ஓடும் ஃபெர்ரியின் கேப்டனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக போனில் சொன்னாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. ஏழு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவார். கதவைச் சாத்த மாட்டார். அம்மா வேண்டுமென்றே உரக்கப் பேசுவாள். எங்கள் வீட்டில் அக்கா விஷயம் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு வழியில்தான். நேரடியாக அவரிடம் அவள் பெயரை எடுக்கிற தைரியம் எனக்கோ அம்மாவுக்கோ இருந்ததில்லை.

அன்றும் அப்படித்தான். தேர்தல் என்றதும் உள்ளே பேப்பர் புரளும் சத்தம் நின்றது. அவ்வளவுதான்.

அக்கா நின்றதற்குக் காரணம் ஆஸ்பத்திரி. மழை பெய்தால் வார்டுக்குள் ஒழுகும். கொஞ்சம் பெரிய வியாதி என்றால் நோயாளியைப் படகில் ஏற்றி வேறு தீவுக்கு அனுப்ப வேண்டும். தொகுதி உறுப்பினரிடம் பலதடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்த மனிதர் அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். தீவில் பாதிப் பேருக்கு உறவு, மீதிப் பேருக்குச் சிநேகிதர். அக்காவுக்கும் வேண்டியவராகத்தான் இருந்தார். கடற்கரையில் ரிஜிஸ்ட்ரார் முன்னால் அவள் கல்யாணம் நடந்தபோது, பெண்ணை அழைத்து வரத் தகப்பன் இல்லையே என்று, அந்த ஸ்தானத்தில் நின்று அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவர் அவர்தான். அவரை எதிர்த்துத்தான் அக்கா நின்றாள்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. வீடு வீடாகப் போனதாகச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முட்டி வலியோ முதுகு வலியோ அவள் கைபட்டுத் தேறியிருந்தது. "ஜெயிச்சாலும் ஜெயிச்சுடுவேன்டீ" என்று சிரித்தாள்.

பிறகு ஒரு நாள், ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீசில் இருந்தபோது மத்தியானம் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே அது நல்ல ராத்திரி. பயத்தோடு எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் ஓடினேன்.

"ஒரு படம் அனுப்பியிருக்கேன். பாரு" என்றாள்.

பார்த்தேன். அக்காவின் நிச்சயதார்த்தப் படம். அவள் தீவுக்குப் போவதற்கு முன்னால், கோட்டைக்குள் ஒரு மண்டபத்தில் நடந்தது. அரக்குப் பட்டுப் புடவை, கழுத்தில் மாலை. பக்கத்தில் அதே மாதிரி மாலையோடு, அவளுக்குப் பார்த்திருந்த பையன். அக்கா ஒப்பந்தம் முடிந்து திரும்பியதும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். சித்தி அன்று பேஸ்புக்கில் போட்டதை எடுக்கவே இல்லை போலிருக்கிறது.

"இதைத் தீவு பூரா அனுப்பியிருக்கா. எனக்கு இந்தியாவுல ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுத்தாம். புருஷனை விட்டுட்டு ஓடி வந்தவளாம். அப்போ இங்கே நடந்த கல்யாணம் செல்லாது, அதை வெச்சு வந்த குடியுரிமையும் செல்லாது, நான் நிக்கவே முடியாதுங்கறா. ஜெயிச்சாலும் கோர்ட்டுக்குப் போவாளாம்."

"யாரு கிளப்பினது?"

"யாரு? என் கையைப் பிடிச்சுக் கூட்டிண்டு போனாரே, அவர்தான். என்னையும் ஏமாத்திட்டான்னு மீட்டிங்ல அழறார்டீ."

"இது நிச்சயதார்த்தம்னு சொல்லேன்."

"சொல்லாம இருப்பேனா? நிச்சயதார்த்தத்துக்கு யாராவது மாலை போட்டுப்பாளான்னு கேக்கறா. சனிக்கிழமை ரேடியோல ஜனங்க கூப்பிட்டுக் கேள்வி கேக்கற ப்ரோகிராம். அதுக்குள்ள படத்துல இருக்கறவர் சொல்லணும், கல்யாணம் நடக்கலேன்னு. நான் எந்த மூஞ்சியோட அவரைக் கூப்பிடுவேன்? நீ போ. ப்ளீஸ்."

அன்று புதன்கிழமை.

அந்தப் பையன் வீட்டாருக்கு, நாங்கள் சாலை என்று சொல்லும் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் மருந்து மொத்த வியாபாரம். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நடக்கும்போது, அவரை எப்படி அழைப்பது என்பதே பெரிய கவலையாக இருந்தது. நிச்சயமாகியிருந்த அந்தச் சில மாதங்கள் நான் அவரை அத்திம்பேர் என்றுதான் கூப்பிட்டேன். அக்கா புருஷனை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். இப்போது அது முடியாது. பெயர் சொல்லவும் முடியாது. எந்த அழைப்பும் இல்லாமல்தான் போய் நின்றேன்.

மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் அவர் மனைவி. நிமிர்ந்து பார்த்தவர் உடனே கண்டுகொண்டார்.

"சின்னவளா? வா" என்றார். சிரிக்கவில்லை.

போனில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மனைவி எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஜிப்பா இன்னும் பீரோல இருக்கு" என்றாள். "நான்தான் அயர்ன் பண்ணி வெக்கறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, "நீங்கோ ஒரு வார்த்தை சொன்னா மதி, வேறொண்ணும் வேண்டாம். கல்யாணம் நடக்கலேன்னு" என்றேன்.

"ஒரு வார்த்தை" என்றார் அவர். போனை என் பக்கம் தள்ளினார். "அன்னிக்கு எங்காத்துக்கு ஒரு வார்த்தை வந்துதா? தட்டும் மோதிரமும்தான் திரும்பி வந்துது. உங்க பந்துக்கள்ல ஒருத்தர் வாசல்ல வெச்சுட்டுப் போனார். என்ன ஏதுன்னு கேக்க எங்கப்பா உங்காத்துக்கு வந்தார். உங்கப்பா உள்ளே இருந்துண்டே இல்லேன்னு சொல்லி அனுப்பினார். வாசல்ல அவர் செருப்பைப் பாத்துட்டுத்தான் எங்கப்பா திரும்பி வந்தார்."

எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருந்தது. அம்மாதான் வாசலில் நின்று சொன்னாள்.

"அதுக்கப்புறம் ஊர்ல என்ன சொன்னான்னு தெரியுமோ? பையனுக்கு வலிப்பு, அதான் பொண்ணு ஓடிட்டான்னு சொன்னா. மூணு எடத்துல ஜாதகம் திரும்பி வந்துது. அப்போ நீங்க யாராவது ஒருத்தர் தெருவுல நின்னு, பையன்மேல குத்தம் இல்லேன்னு சொன்னேளா?"

கடைப் பையன்கள் பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கப்பா வந்து கேக்கட்டும்" என்றார். "அப்போ பாக்கலாம்."

அவர் மனைவி என்னோடு வாசல்வரை வந்தாள். "மாமாவைக் கூட்டிண்டு வா. வந்தா இவர் மறுக்க மாட்டார். எனக்குத் தெரியும்" என்று மெல்லச் சொன்னாள்.

வீட்டில் அம்மா கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவராவது போறதாவது! அவ பேரைச் சொன்னாலே எழுந்து போறவர்." அதற்குமேல் காத்திருக்க நாள் இல்லை. நேராக உள்ளறைக்குப் போய் அப்பாவின் முன்னால் நின்றேன். அக்கா பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

"படத்தைக் காட்டு" என்றார்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எவன் இதைப் பரப்பினது?"

"அங்கே அக்கா கல்யாணத்துல உங்க ஸ்தானத்துல நின்னவர்."

அப்படி ஒருவர் நின்றார் என்பதே அவருக்குத் தெரியாது. அம்மா எவ்வளவு உரக்கப் பேசினாலும் அதை மட்டும் சொன்னதில்லை.

"கையைப் பிடிச்சுக் கூட்டிண்டு போனானா?"

"ஓ, ஆமாம்."

"அவனே இப்போ இப்படிச் சொல்றானா?"

நான் தலையாட்டினேன். அவர் பேப்பரை மடித்துக் கட்டிலில் வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை. அவர் இருமும்போதெல்லாம் நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வாசலில் நின்றிருந்தார்.

"அந்தப் பையன் கடையை எப்போ திறப்பான்?" என்றார்.

ஆட்டோ பிடித்துப் போனோம். சாலைக்குள் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் வழி அடைத்திருந்தது. பாதியிலேயே இறங்கி நடந்தோம். ஏழு வருஷமாக அப்பா அந்தப் பக்கமே வந்ததில்லை. மாதச் சாமான் வாங்கக்கூட வேறெங்கோ போவார். நான் அதற்கு விலைதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

கடையில் நாலைந்து மருந்துக்கடைக்காரர்கள் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார். அந்த மனிதர் பார்த்துவிட்டார். எழுந்திருக்கவில்லை, வா என்று சொல்லவும் இல்லை. பில் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. முன்னால் நின்றவர் நகர்ந்ததும் அப்பா கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு உங்கப்பா வந்தப்போ நான் ஆத்துக்குள்ளதான் இருந்தேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கடை முழுக்கக் கேட்டது. "மூஞ்சியைக் காட்ட நாணமா இருந்தது. உன்மேல ஒரு குத்தமும் இல்லே. அதை நான் அப்பவே நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லலே. தப்புதான்."

அவர் கை கீபோர்டில் நின்றது.

"உங்கப்பாவையும் பாத்துச் சொல்லணும். ஆத்துல இருக்காரா?"

"போன கும்ப மாசம் போயிட்டார் மாமா."

கவுண்டரில் இருந்த அப்பாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மரத்தை அழுத்திக்கொண்டிருந்தன. அந்த மனிதர் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கவுண்டரைச் சுற்றி வந்தார்.

"உக்காருங்கோ" என்றார்.

அவர் மனைவிதான் போனில் வீடியோ எடுத்தாள். பிறகு தானும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் பேசினார். அந்தப் படம் நிச்சயதார்த்தத்தில் எடுத்தது, கல்யாணம் நடக்கவில்லை, இவள்தான் என் மனைவி, வேறு மனைவி எனக்கு இருந்ததில்லை. அவ்வளவுதான். அங்கிருந்தே அக்காவுக்கு அனுப்பினேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் அக்கா பேசியபோது அழுதாள். "காசு குடுத்து நடிக்க வெச்ச ஆளுன்னு சொல்லிட்டாடீ. இந்தியாவுல பத்து டாலருக்கு எவன் வேணா பேசுவானாம்."

அதைச் சாலைக்குப் போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன்: நன்றி, ஆனால் அவர்கள் நம்பவில்லை என்று. பதில் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், அங்கே காலை, அந்த ரேடியோ நிகழ்ச்சியை என் லேப்டாப்பில் போட்டு வைத்தேன். அப்பா உள்ளறையில்தான் இருந்தார். கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒரு பெண்மணி, "உன் முதல் புருஷனுக்காக நான் ஜெபம் செய்கிறேன்" என்றாள். அக்கா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் கொஞ்சம் தளர்ந்தது.

அடுத்ததாக அறிவிப்பாளர், "இந்தியாவிலிருந்து ஒரு நேயர்" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். அவர்தான். கூப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எண்ணைத் தேடிப் பிடித்தது அவர் மனைவி என்று பிறகுதான் தெரிந்தது. நான்தான் அந்தப் படத்தில் இருப்பவன், என் கடை இன்ன தெருவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து விசாரிக்கலாம் என்றார். எனக்கு யாரும் காசு தரவில்லை என்றார்.

அறிவிப்பாளர் விடவில்லை. "அவர்மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா?"

லைனில் ஒரு லாரியின் ஹாரன் கேட்டது.

"நிறைய இருந்தது" என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவள் என் மனைவி இல்லை. என் மனைவி இங்கே நின்றுகொண்டு, சுருக்கமாகப் பேசு என்கிறாள்."

ஸ்டுடியோவில் யாரோ சிரித்துவிட்டார்கள். உள்ளறை வாசலில் அப்பா வந்து நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

வாக்கு எண்ணியது எங்களுக்கு விடிந்த பிறகு. நான் லீவு போட்டு, லேப்டாப்பில் அதே ரேடியோவை வைத்திருந்தேன். முதல் பெட்டியில் அக்கா முன்னால் இருந்தாள். இரண்டாவதில் பின்தங்கினாள். மூன்றாவதில் மறுபடி ஏறினாள். அம்மா அடுப்பில் வைத்த பாலை மறந்து, பொங்கி வழிந்த வாசனை வீடெல்லாம் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. கடைசிப் பெட்டி அந்த ஹார்டுவேர் கடை இருக்கும் பக்கத்துப் பெட்டி. அதில் போய்விட்டது. வித்தியாசத்தை இரண்டு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். எண்ணும் கூடத்தின் மூலையில் நின்றிருந்தாள். "போச்சும்மா" என்றாள். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்போது அப்பா வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ரீகவுன்ட் கேட்டியா?"

அக்காவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"அப்பா..."

"அழறதெல்லாம் அப்பறம். ரிசல்ட்டை டிக்ளேர் பண்ணிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு முன்னாடி எழுதிக் குடுக்கணும். பேப்பர் இருக்கா? ஓடு."

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க அவர் தேர்தல் டியூட்டி பார்த்தவர். அந்தக் குரல் அப்போதைய குரல். அக்கா ஓடினாள். போன் அவள் கையிலேயே இருந்தது. தரையும் செருப்புகளும் யாரோ ஒருவருடைய தொப்பையும் ஆடி ஆடித் தெரிந்தன. அப்பா போனை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, "ஏஜென்ட் கையெழுத்தும் வேணும்! கேட்டியா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

திரும்ப எண்ணினார்கள். அவ்வளவு நேரமும் அப்பா உட்காரவில்லை. சந்தேகத்துக்குரிய சீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதுவும் அந்த ஹார்டுவேர் கடைக்காரருக்கே போனது. வித்தியாசம் ஒன்று கூடியது. அக்கா தோற்றுத்தான் போனாள்.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து சாலைக்குப் போய் அவர்களிடம் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டினார். அவர் மனைவிதான் ரொம்ப வருத்தப்பட்டாள். அடுத்த எலெக்‌ஷன் எப்போது என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு அக்கா கூப்பிட்டபோது அப்பா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவர் முந்தினநாள் அவள் வீட்டுக்குக் கேக்கோடு வந்தாராம்.

"உள்ளே விட்டியா?" என்றார் அப்பா.

"விட்டேன். பின்னே என்ன பண்றது? இங்கே ஒரே ஒரு ரோடுதான்ப்பா. தினம் அந்தக் கடை முன்னாடிதான் போகணும்."

"மன்னிப்புக் கேட்டானா?"

"இல்லே. ஆஸ்பத்திரிக் கூரைக்கு ஷீட் தரேன்னார். காசு வாங்காம."

"எழுத்துல வாங்கு" என்றார் அப்பா.

இப்போதும் அவர்கள் பேச்சு அப்படித்தான் போகிறது. ஆஸ்பத்திரி, சட்டசபை, விதிமுறை. பழசை இரண்டு பேரும் எடுப்பதில்லை. சில ஞாயிறுகளில் கேப்டன் குறுக்கே வந்து, தெரிந்த ஒரே தமிழில் "வணக்கம்" என்பார். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு "ஹலோ" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் இன்னும் போகவில்லை.